பக்கத்து வீட்டு மோடம் நம் கம்பியில் பேசும்போது

கோத்தகிரிக்கு அப்பால் இருக்கும் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால், பள்ளத்தாக்கின் மறுபக்கச் சரிவில் நகரத்து விளக்குகள் தெரியும். நேர்கோடு கிழித்து அளந்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. ஆனால் தொலைபேசி நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த செப்புக் கேபிள் பள்ளத்தாக்கைத் தாண்டி வரவில்லை. சாலையோடு சேர்ந்து இறங்கி, தேயிலைத் தோட்டங்களின் ஓரமாக ஒவ்வொரு வளைவிலும் வளைந்து, ஓடைப் பாலத்தைக் கடந்து, மறுபடி ஏறி, நான்கு கிலோமீட்டருக்கு மேல் சுற்றித்தான் வந்தது. மலையில் கம்பியின் நீளத்தைச் சாலைதான் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்த நீளம்தான் தொடக்கம்.

அந்த லேண்ட்லைன் கம்பியில் பல ஆண்டுகள் பிராட்பேண்ட் வைத்திருந்தேன். பகலில் ஓரளவு ஒழுங்காக ஓடும் இணைப்பு, மாலை ஆறு மணிக்கு மேல் அறுந்து அறுந்து விழும். மறுபடி ஏறும்போது பாதி வேகத்தில்தான் ஏறும். புகார் செய்தேன், ஜாயிண்டைப் பிரித்துக் கட்டினார்கள், ஸ்ப்ளிட்டரை மாற்றினார்கள், மோடத்தையும் மாற்றினார்கள். கடைசியாக வந்த லைன்மேன் கம்பத்துப் பெட்டியை மூடிவிட்டு, "உங்க பேர்ல ஒரு குறையும் இல்லைங்க சார். சாயங்காலம் பக்கத்து வீட்டு மோடமெல்லாம் ஆன் ஆனா இப்படித்தாங்க ஆகும்" என்றார். அப்போது அது கைகழுவும் பதிலாகத்தான் எனக்குப் பட்டது. பின்னர் படித்துப் பார்த்தபோது, அவர் சொன்னது முழு உண்மை என்பதும், அந்த உண்மையைச் சுற்றி மிக அழகான ஒரு கணிதம் வளர்ந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. அதை இத்துறைக்குப் புதியவர்களுக்குப் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

தொலைபேசிக் கேபிள் ஒன்றை வெட்டிப் பார்த்தால், உள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய மெல்லிய செப்புக் கம்பிகள் கட்டுக்கட்டாக இருக்கும். ஒரு வீட்டுக்கு ஓர் இணை. லைன்மேன்கள் "பேர்" என்று சொல்வது இதைத்தான். ஒரு கம்பியில் மின்னோட்டம் மாறும்போது அதைச் சுற்றியுள்ள மின்புலமும் காந்தப்புலமும் மாறுகின்றன. அந்த மாற்றம் அருகில் ஓடும் கம்பியிலும் ஒரு சிறு மின்னோட்டத்தைத் தூண்டிவிடுகிறது. இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கினால், ஒரு திருப்பத்தில் ஏறும் தொந்தரவை அடுத்த திருப்பம் ஏறக்குறைய அழித்துவிடும். அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இந்த உத்திக்கு 1881இலேயே காப்புரிமை பெற்றார். ஒரே கட்டில் உள்ள இணைகளை வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்குவதும் இதற்காகத்தான். ஆனால் எந்த முறுக்கும் முழுமையானதன்று. அழியாமல் எஞ்சி, ஓர் இணையிலிருந்து மற்றோர் இணைக்குக் கசிவதைத்தான் குறுக்குப்பேச்சு என்கிறோம். பழைய தொலைபேசிகளில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ இருவர் சன்னமாகப் பேசுவது கேட்குமே, "கிராஸ் டாக் விழுது" என்று சொல்வோமே, அந்தப் பெயர்தான் இதற்கும் நிலைத்துவிட்டது. ஐப்பசி மழையில் ஜாயிண்டுக்குள் ஈரம் இறங்கி, இணையின் இரு கம்பிகளும் சமநிலை இழந்தால் இந்தக் கசிவு இன்னும் கூடும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து லைன்மேன்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மனிதக் குரலுக்குத் தொலைபேசி ஒதுக்கிய அதிர்வெண் 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். டி.எஸ்.எல். (தொலைபேசிக் கம்பியிலேயே பிராட்பேண்ட் தரும் தொழில்நுட்பம்) அதே கம்பியில் அதற்கு மேலுள்ள வெற்றிடத்தைப் பயன்படுத்துகிறது. அதன் வகைகளில் ஏ.டி.எஸ்.எல். ஏறக்குறைய 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையும், ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையும், வி.டி.எஸ்.எல்.2 அதிகபட்சமாக 35 மெகாஹெர்ட்ஸ் வரையும் செல்கின்றன. இங்கே இரண்டு இடர்கள் ஒன்றாக வருகின்றன. அதிர்வெண் கூடக்கூடக் கம்பி தன் சொந்தச் சமிக்ஞையை அதிகமாக விழுங்கிவிடுகிறது; அதே சமயம் அண்டை இணைக்குக் கசியும் பங்கும் கூடிக்கொண்டே போகிறது. நான்கு கிலோமீட்டர் கம்பியில் 1 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞை மறுமுனையை அடையும்போது, அனுப்பிய திறனில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட எஞ்சாது. அவ்வளவு மெலிந்த சமிக்ஞைக்குப் பக்கத்திலேயே வேறொருவரின் புத்தம்புதிய சமிக்ஞை பாய்ந்தால், அதன் கசிவே இதைவிடப் பலமாக இருக்கும்.

கசிவிலும் இரண்டு வகை உண்டு. பள்ளத்தாக்கின் மறுகரையில் நின்று ஒருவர் கூப்பிடுவதை நீங்கள் காது கொடுத்துக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அருகிலேயே நிற்பவர் அதே நேரத்தில் உரக்கக் கத்தினால் எதுவும் கேட்காது. இது அருகுமுனைக் குறுக்குப்பேச்சு. மறுகரையில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொருவரும் சேர்ந்து கூப்பிட்டால், இரண்டு குரலும் கலந்து உங்களை வந்து சேரும். இது தொலைமுனைக் குறுக்குப்பேச்சு. முதல் வகையைத் தொழில்நுட்பம் எளிதாகச் சமாளித்துவிட்டது: பதிவேற்றத்துக்கு ஓர் அதிர்வெண் பகுதி, பதிவிறக்கத்துக்கு வேறொரு பகுதி என்று பிரித்துவிட்டால், அருகில் கத்துபவரின் குரல் நாம் கேட்கும் பகுதிக்குள் வராது. சாதாரண ஏ.டி.எஸ்.எல்.லில் ஏறக்குறைய 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவேற்றம், அதற்கு மேல் பதிவிறக்கம். இரண்டாம் வகைக்கு இப்படிப்பட்ட எளிய வழி இல்லை, ஏனென்றால் எல்லோரும் ஒரே பகுதியில், ஒரே திசையில் அனுப்புகிறார்கள். இனி நாம் பேசப்போவது இந்த வகையைப் பற்றி மட்டுமே.

டி.எஸ்.எல். மோடம் தன் அதிர்வெண் வெளி முழுவதையும் ஒரே வாய்க்காலாகப் பயன்படுத்துவதில்லை, 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சின்னஞ்சிறு தடங்களாகப் பிரித்துக்கொள்கிறது. பொறியாளர்கள் ஒவ்வொன்றையும் டோன் என்பார்கள். ஏ.டி.எஸ்.எல்.லுக்கு 256 தடங்கள், ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ்ஸுக்கு 512. ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 4,000 முறை ஒரு குறியீடு போகிறது. ஒரு குறியீட்டில் அதிகபட்சமாக 15 பிட் வரை ஏற்றலாம். இந்த முறையைச் செப்புக் கம்பிக்குப் பொருத்தி வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சியோஃபி. அவரை டி.எஸ்.எல்.லின் தந்தை என்று அழைப்பவர்களும் உண்டு. தடங்களாகப் பிரித்ததன் பெரும்பயன் என்னவென்றால், நல்ல தடத்தில் நிறைய ஏற்றலாம், கெட்ட தடத்தை விட்டுவிடலாம், ஒவ்வொரு தடத்துக்கும் எவ்வளவு திறன் என்பதை மோடம் தனித்தனியாக முடிவு செய்யலாம். பதிவிறக்கத் திசையில் ஓர் ஏ.டி.எஸ்.எல். கம்பிக்குள் செலுத்தப்படும் மொத்தத் திறன் சுமார் 100 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. இந்தச் சிறு முதலை இருநூற்றுச் சொச்சம் தடங்களுக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதுதான் திறன் பங்கீடு.

முதலில் பக்கத்து வீட்டை மறந்துவிட்டு, ஒரே ஒரு கம்பியை எடுத்துக்கொள்வோம். ஒரு தடத்தில் எத்தனை பிட் ஏற்றலாம் என்பதைக் கிளாட் ஷானன் 1948இல் வகுத்த விதி சொல்கிறது. சமிக்ஞை இரைச்சலைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து, அதனோடு ஒன்றைக் கூட்டி, அந்த எண் இரண்டின் எத்தனையாவது அடுக்கு என்று கண்டால், அத்தனை பிட். மடங்கு 3 என்றால் 2 பிட். 63 என்றால் 6 பிட். நடைமுறை மோடங்கள் பிழைக்கு அஞ்சி இதிலிருந்து சற்றுக் கழித்துக்கொள்ளும். அந்தக் கழிவை இங்கே விட்டுவிடுகிறேன். இந்த விதியில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. சமிக்ஞை ஏற்கெனவே பலமாக இருக்கும் தடத்தில் திறனை இரண்டு மடங்காக்கினாலும் ஒரே ஒரு பிட்தான் கூடும். பாதியாகக் குறைத்தாலும் ஒரே ஒரு பிட்தான் போகும். இருக்கப்பட்டவனுக்கு மேலும் கொடுப்பதில் ஆதாயம் குறைவு என்பது இங்கே வெறும் அறவுரை இல்லை, கணக்கிலிருந்தே வருவது.

ஆகவே ஒரு தனிக் கம்பி தன் திறனை எப்படிப் பிரித்தால் மொத்தப் பிட் அதிகபட்சமாகும்? இதற்கான விடையைப் பொறியாளர்கள் நீர் நிரப்பும் முறை என்கிறார்கள். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. எமரால்டு அணையையோ அவலாஞ்சி அணையையோ நினைத்துக்கொள்ளுங்கள். நீருக்கு அடியில் இருப்பது மேடும் பள்ளமுமான பழைய மலைச்சரிவு. மழை பெய்து நீர் சேரும்போது, மேற்பரப்பு எங்கும் ஒரே மட்டமாக நிற்கிறது. ஆனால் ஆழம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. பள்ளமான இடத்தில் நீர் அதிகம், மேட்டில் குறைவு, மட்டத்துக்கு மேல் தலைதூக்கும் குன்றில் நீரே இல்லை, அது தீவாக நின்றுவிடுகிறது. இந்த நீர்தான் திறன். தரையின் உயரம் என்பது அந்தத் தடத்தின் இரைச்சலை, அந்தத் தடத்தில் கம்பி சமிக்ஞையைக் கடத்தும் அளவால் வகுத்தால் கிடைப்பது. நல்ல தடம் ஆழமான பள்ளம். கெட்ட தடம் மேடு. கையிலிருக்கும் மொத்த நீரையும் ஊற்றி, அதைத் தானாக மட்டம் பிடிக்கவிட்டால், ஒவ்வொரு தடத்திலும் நிற்கும் ஆழமே அந்தத் தடத்துக்குரிய சிறந்த திறன். இதைவிடக் கூடுதலான வேகத்தை அதே மொத்தத் திறனில் அந்தக் கம்பியிலிருந்து எந்தப் பங்கீட்டாலும் எடுக்க முடியாது என்பது நிறுவப்பட்ட முடிவு. நீண்ட கம்பியின் அணையில் உயர் அதிர்வெண் பகுதி முழுவதும் மலையாக நிமிர்ந்திருக்கும். ஆகவே அதன் நீரெல்லாம் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ள சில பள்ளங்களில் மட்டுமே தேங்கும். குட்டைக் கம்பியின் அணையிலோ தரை எங்கும் தாழ்வாகவே இருப்பதால் நீர் பரந்து நிற்கும்.

இப்போது பக்கத்து வீட்டை உள்ளே கொண்டுவருவோம். அவர் தன் அணையில் ஊற்றும் நீர், குறுக்குப்பேச்சின் வழியாக, என் அணையில் மண்ணாகப் படிகிறது. அவர் எந்தத் தடத்தில் ஆழமாக ஊற்றுகிறாரோ அந்தத் தடத்தில் என் தரை மேடாகிறது. என் மோடம் மறுபடி அளந்து, மேடான இடத்திலிருந்து நீரை விலக்கி வேறிடத்தில் ஊற்றுகிறது. அது அவருடைய அணையில் வேறிடத்தில் மண்ணாகப் படிகிறது. தனிக் கம்பிக்கு இருந்த தெளிவான விடை இப்படிக் கலங்கிப்போகிறது. மழைக்கால அணைகளில் மண் படிவது எவ்வளவு பெரிய தொல்லை என்று குந்தா பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கம்பிக்குள் நடப்பதும் அதுவே.

இந்தத் தொல்லை எல்லோருக்கும் ஒரே அளவாக விழுவதில்லை என்பதை ஒரு கணக்கோடு காட்டினால்தான் விளங்கும். எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. நகரத்துத் தொலைபேசி நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் கம்பி ஒரு தொலைவீட்டுக்குப் போகிறது. வழியில் மூன்றாவது கிலோமீட்டரில், ஒரு சிற்றூரின் சாலையோரத்தில், பின்னாளில் ஒரு பெட்டி வைத்து, அங்கிருந்தே பக்கத்து வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் நிலையத்துக் கம்பியும் பெட்டிக் கம்பியும் ஒரே கட்டில் ஓடுகின்றன. தொலைவீட்டுச் சமிக்ஞை மூன்று கிலோமீட்டர் களைத்து அந்த இடத்தை அடையும்போது, பெட்டியிலிருந்து புறப்படும் சமிக்ஞை புதுத்தெம்போடு அதன் பக்கத்தில் சேர்கிறது. பெட்டியருகே இருக்கும் வீட்டுக்கு 400 தடங்கள் பயன்படுகின்றன, ஒவ்வொன்றிலும் 8 பிட். அப்படியானால் 3,200 பிட், நொடிக்கு 4,000 முறை: 12.8 மெகாபிட் வேகம். தொலைவீட்டுக்கோ தாழ்ந்த அதிர்வெண்ணுள்ள 80 தடங்கள் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. அங்கே அதன் சமிக்ஞை இரைச்சலைப் போல 63 மடங்கு. யாரும் குறுக்கிடாவிட்டால் தடத்துக்கு 6 பிட், மொத்தம் 1.92 மெகாபிட். ஆனால் பெட்டிக் கம்பியின் கசிவு அந்தத் தடங்களில் இரைச்சலைப் போல 20 மடங்காக வந்து விழுகிறது. இரைச்சலும் கசிவும் சேர்ந்து 21. 63ஐ 21ஆல் வகுத்தால் 3. ஆகவே 2 பிட். தொலைவீட்டின் வேகம் 0.64 மெகாபிட்டாகச் சுருங்கிவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. மாலையில் என் வீட்டில் நடந்தது இதன் ஒரு வடிவம்தான்.

பெட்டிக் கம்பி அந்த 80 தடங்களில் மட்டும் தன் திறனை எட்டில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளட்டும். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி; தடத்துக்கு 3 பிட் போகும். அதன் வேகம் 12.8இலிருந்து 11.84 மெகாபிட்டுக்கு இறங்கும். தொலைவீட்டில் கசிவு 20இலிருந்து 2.5 ஆகும், 63ஐ 3.5ஆல் வகுத்தால் 18, முழுப் பிட்டாக 4 ஏற்றலாம், வேகம் 1.28 மெகாபிட், அதாவது இரண்டு மடங்கு. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: இந்தக் கணக்கில் இருவரின் மொத்த வேகம் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருக்கிறது. திறன் பங்கீடு எல்லோருக்கும் எல்லாவற்றையும் பெருக்கித் தரும் மந்திரம் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஒருவர் இழக்கும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேகம் இன்னொருவருக்கு இரட்டிப்பாகப் போய்ச் சேர்கிறது என்பதுதான் இதன் உண்மையான பயன்.

அடுத்த கேள்வியில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. பெட்டியருகே இருக்கும் வீட்டுக்காரர் எவ்வளவு வேகத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறார்? 8 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கம்பியோ 12.8 வரை போகவல்லது. அந்த உபரியைப் பழைய மோடங்கள் என்ன செய்யும் என்றால், திறனைக் குறைக்காமல், முழுத் திறனில் அனுப்பிக்கொண்டே, மிச்சத்தை, இரைச்சல் திடீரென்று கூடினால் தாங்குவதற்கான பாதுகாப்பு இடைவெளியாக வைத்துக்கொள்ளும். 6 டெசிபல், அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு, இடைவெளி போதும் என்ற இடத்தில் அதைவிடப் பன்மடங்கு வைத்திருக்கும். அந்த உபரியால் வீட்டுக்காரருக்கு ஒரு துளியும் பயனில்லை. படம் வேகமாக இறங்காது, பக்கம் வேகமாகத் திறக்காது. ஆனால் அதன் கசிவு முழுவதும் தொலைவீட்டின் மேல் விழுகிறது. அவர் அந்த 80 தடங்களை முற்றிலும் காலி செய்துவிட்டாலும், மீதி 320 தடங்களில் தடத்துக்கு 8 பிட் வீதம் 10.24 மெகாபிட் கிடைக்கும். சந்தா கட்டிய 8ஐவிட அதுவே அதிகம். தொலைவீடோ முழு 1.92 மெகாபிட்டுக்கு எழுந்துவிடும். ஒருவர் எதையும் இழக்காமல் இன்னொருவருக்கு மூன்று மடங்கு. பழைய காலத்து ஏற்பாட்டில் இது நடக்காமல் போனதற்குக் காரணம் கம்பியில் இல்லை; யாரும் மோடத்திடம் "போதுமானதை மட்டும் எடு" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். எத்தனையோ மாலைகளை இழந்தவன் என்ற முறையில் இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்படிச் சொல்லும் வழிகளைத் தேடியதுதான் 2000க்குப் பிந்தைய ஆய்வுகளின் கதை. இந்தத் துறைக்கு இயங்குநிலை அலைக்கற்றை மேலாண்மை என்று பெயர். முதல் பெரிய அடியை வெய் யூ, ஜார்ஜ் ஜினிஸ், ஜான் சியோஃபி மூவரும் 2002இல் எடுத்துவைத்தார்கள். அவர்களுடைய முறை மிக எளியது. ஒவ்வொரு மோடமும் மற்றவர்களின் கசிவை வெறும் இரைச்சலாகக் கருதி அளக்கட்டும். அதற்கேற்பத் தன் அணையில் நீர் நிரப்பட்டும். அடுத்த மோடம் புதிய நிலையை அளந்து தன் நீரை நிரப்பட்டும். இப்படிச் சுற்றிச் சுற்றி வரட்டும். கசிவு மிகக் கடுமையாக இல்லாத நிலையில், சில சுற்றுகளில் யாரும் தன் பங்கீட்டை மாற்ற விரும்பாத ஓர் அமைதிநிலை வந்துவிடுகிறது. விளையாட்டுக் கோட்பாட்டில் ஜான் நாஷின் பெயரால் வழங்கும் சமநிலை இதுவே. இதற்கு மேல் அவர்கள் ஓர் இலக்குவேக விதியையும் சேர்த்தார்கள்: இலக்கைத் தாண்டி உபரி வைத்திருக்கும் கம்பி தன் மொத்தத் திறனைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், இலக்கை எட்டாத கம்பி கூட்டிக்கொள்ளலாம். நான் மேலே சொன்ன 8 மெகாபிட் வீட்டை இந்த விதியே அடக்கிவிடும். மோடங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் வேண்டாம், நடுவில் ஒரு கணினியும் வேண்டாம். அதன் எளிமை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆனாலும் இந்த முறை அடிப்படையில் தன்னலமானது. பெட்டிக் கம்பி மொத்தத் திறனைக் குறைக்கும்போது, தனக்கு நல்ல தடம் எதுவோ அதில்தான் கடைசி வரை நீரை வைத்திருக்கும். தாழ்ந்த தடங்கள் அதற்கும் மிக நல்ல தடங்கள். அவற்றைத் தொலைவீட்டுக்கு விட்டுவிட்டு உயர்ந்த தடங்களுக்கு நகர வேண்டும் என்று அதற்குத் தானாகத் தோன்றாது. ராஃபேல் சென்ட்ரில்லனும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட முறை இதை வேறுவிதமாக அணுகியது. எல்லாக் கம்பிகளின் நிலையையும் அறிந்த ஒரு மையம், ஒவ்வொரு வீட்டின் வேகத்துக்கும் ஒரு எடையைக் கொடுத்து, செலவாகும் திறனுக்கு ஒரு விலையையும் வைத்து, தடம் தடமாக எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்து, மொத்தத்தில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும். விலையும் எடையும் சரியாக அமைந்துவிட்டால் ஒவ்வொரு தடத்தையும் தனிக் கணக்காகத் தீர்க்கலாம் என்பதுதான் அவர்கள் கண்ட திறவுகோல். விடை மிகச் சிறந்தது. கணக்கின் சுமைதான் தாங்க முடியாதது. ஒரு தடத்தில் 0 முதல் 15 பிட் வரை 16 வாய்ப்புகள் என்றால், இரண்டு கம்பிகளுக்கு 256 சேர்க்கைகள்; பத்துக் கம்பிகளுக்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேல், அதுவும் ஒரே ஒரு தடத்துக்கு. இந்தச் சிக்கல் பொதுவடிவில் கணினிக்கே கடினமான வகையைச் சேர்ந்தது என்பதும் 2008இல் நிறுவப்பட்டுவிட்டது. ஆகவே பின்னர் வந்தவர்கள் முழுமையான விடையைக் கைவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கம்பியை மட்டும் திருத்திக்கொண்டு போகும் முறைகளைக் கண்டார்கள்.

அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, 2007இல் சென்ட்ரில்லன் உள்ளிட்டோர் முன்வைத்த தன்னியக்க முறை. அதில் மையக் கணினி இல்லை. ஆனால் ஒவ்வொரு குட்டைக் கம்பியும், தன் கட்டில் எங்கோ ஒரு நலிந்த நீண்ட கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்தக் கற்பனைக் கம்பிக்குத் தான் எவ்வளவு தீங்கு செய்கிறோம் என்பதையும் கணக்கில் சேர்த்தே தன் திறனைப் பங்கிடுகிறது. அந்த நீண்ட கம்பி யாருடையது, உண்மையில் எத்தனை கிலோமீட்டர் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பகுதியின் வழக்கமான நீளத்தைச் சொன்னால் போதும். பார்க்காத அண்டை வீட்டுக்காக முன்கூட்டியே இடம் விடும் இந்த ஏற்பாடு, மைய முறையின் பலனுக்கு மிக நெருக்கமாக வந்துவிடுகிறது.

பதிவேற்றத் திசையிலும் இதே சிக்கல் தலைகீழாக வருகிறது: நிலையத்துக்கு அருகில் இருக்கும் வீட்டின் பலமான சமிக்ஞை, தொலைவிலிருந்து களைத்து வருவதை மூழ்கடிக்கும். வி.டி.எஸ்.எல்.லில் அருகில் இருப்பவர் தன் பதிவேற்றத் திறனைக் கட்டாயமாகக் குறைத்தே அனுப்ப வேண்டும் என்று தரவிதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

கசிவைத் தவிர்க்காமல், அதை அழித்தே விடும் வழியும் பின்னர் நடைமுறைக்கு வந்தது. வெக்டரிங் எனப்படும் அதற்கான தரவிதியை பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2010இல் ஏற்றது. ஒரே பெட்டியிலிருந்து எல்லாக் கம்பிகளும் புறப்பட்டால், எந்தக் கம்பியிலிருந்து எதற்கு எவ்வளவு கசியும் என்பதை அந்தப் பெட்டி முன்பே அளந்து, அதற்கு எதிரான சமிக்ஞையைக் கலந்தே அனுப்புகிறது. வழியில் கசிவும் எதிர்க்கசிவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பலன் மிகப் பெரியது. ஆனால் எல்லாக் கம்பிகளும் ஒரே கருவியின் கையில் இருக்க வேண்டும். நிலையத்திலிருந்து ஒன்று, நடுவழிப் பெட்டியிலிருந்து இன்னொன்று என்று கலந்து ஓடும் கட்டில் அந்தக் கருவிக்குத் தெரியாத கம்பியின் கசிவு அப்படியே நிற்கும், அங்கே திறனைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மலைச்சாலை நெடுகச் சிற்றூருக்கொரு பெட்டியாக வளர்ந்த அமைப்புகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும். கண்ணாடி இழை வந்த வீடுகளில் குறுக்குப்பேச்சு என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும் செல்பேசிக் கோபுரங்களுக்கும், அடுக்குமாடி வீடுகளின் வைஃபை பெட்டிகளுக்கும் இதே அணைக் கணக்கு, இதே வடிவத்தில் பொருந்துகிறது.

இன்னும் செப்புக் கம்பியில் இருப்பவர்கள், தங்கள் கம்பியில் நடப்பது குறுக்குப்பேச்சுதானா என்று வீட்டிலிருந்தே ஓரளவு அறியலாம். மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் அட்டென்யுவேஷன் என்றும் எஸ்.என்.ஆர். மார்ஜின் என்றும் இரண்டு எண்கள் டெசிபல் அளவில் இருக்கும். முதலாவது உங்கள் கம்பி எவ்வளவு சமிக்ஞையை விழுங்குகிறது என்பதைச் சொல்வது; அது கம்பியின் நீளத்தைப் பொறுத்தது, ஆகவே காலையும் மாலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். மழைக்குப் பின் அது மாறினால், ஜாயிண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, மேலே சொன்ன பாதுகாப்பு இடைவெளி. அட்டென்யுவேஷன் அப்படியே இருக்க, மார்ஜின் மட்டும் மாலையில் இறங்கினால், வெளியிலிருந்து இரைச்சல் ஏறுகிறது என்று பொருள். பக்கத்து மோடம் ஒன்று உயிர்பெறும் நேரத்தில் சட்டென்று ஒரு படி இறங்கி, அது அணைந்ததும் அதே படி ஏறினால், பெரும்பாலும் அது குறுக்குப்பேச்சுதான். அவர் படம் பார்க்கிறாரா சும்மா இருக்கிறாரா என்பது பொருட்டல்ல, மோடம் இயங்கிக்கொண்டிருந்தாலே அது அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். தடவாரியாகப் பிட்டுகளைக் காட்டும் வரைபடமும் சில மோடங்களில் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இரவு எட்டு மணிக்கும் மோடத்தை அணைத்துப் போட்டு, அது மறுபடி இணைந்தபின் அந்த வரைபடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். காலையில் நிறையப் பிட்டுகளோடு உயர்ந்திருந்த இடப்பக்கத்துத் தாழ்ந்த அதிர்வெண் தடங்கள், இரவில் பாதிக்கும் கீழே அமிழ்ந்திருந்தன. அந்த இரண்டு படங்களையும் லைன்மேனிடம் காட்டியபோது, அவர் எதுவும் சொல்லாமல் அடுத்த வாரம் வந்து, கம்பத்துப் பெட்டியில் என் இணையை அதே கேபிளின் வேறொரு கட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். மாலை மார்ஜின் 4 டெசிபல் ஏறியது.